நானாத்தானே எடுத்தேன்? மனசைச் சாய்க்கும் சின்னச் சங்கதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் 19 வருடம் உளவியல் பாடம் நடத்தினேன். சாயங்காலமானால் காவேரிப்பட்டணத்தில் அண்ணனுடைய ஜவுளிக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். வகுப்பில் வந்த சந்தேகங்களைவிட அந்தக் கடையிலும் பஸ்ஸிலும் சந்தையிலும் வந்தவைதான் அதிகம். திரும்பத் திரும்ப அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் "அவங்க ஏன் இப்படிப் பண்றாங்க" என்றுதான் கேட்டார்கள். "நான் ஏன் இப்படிப் பண்றேன்" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"மறைமுகத் தாக்கம்னா வசியம், மை வெக்கிறது மாதிரியா டீச்சர்?"

மையும் இல்லை, மந்திரமும் இல்லை. நம் முடிவை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கும், ஆனால் காரணம் கேட்டால் அது நம் வாயில் வராது. அப்படிப்பட்ட எல்லாமே இதில் சேரும். பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார், முதலில் காதில் விழுந்த விலை என்ன, பொருள் எந்த வரிசையில் இருந்தது போன்ற சின்னச் சங்கதிகள்.

1969இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஸ்டான்லி மில்கிராமும் அவர் கூட்டாளிகளும் நியூயார்க் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒரே ஆள் பார்த்தபோது வழியில் போனவர்களில் 4 சதவீதம் பேர் கூடவே நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 சதவீதம். ஜன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லை. நம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் சாக்கடையை எட்டிப் பார்த்தால் போதும், பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு ஐந்தாவதாக ஒருவர் வந்து குனிவார். குனிந்துவிட்டு "என்னங்க?" என்று கேட்பார்.

"என் மனசு எனக்குத் தெரியாதா? நான் ஏன் எடுத்தேன்னு நானே சொல்லிடுவேனே?"

சொல்லிவிடுவீர்கள், அதில் சந்தேகமில்லை. அது உண்மையான காரணமா என்பதுதான் கேள்வி. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் இருவரும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. மேசைமேல் நாலு ஜோடி நைலான் காலுறைகள். "எது தரமாக இருக்கிறது?" என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். இடமிருந்து வலமாக 12, 17, 31, 40 சதவீதம் என்று ஓட்டு விழுந்தது. நாலும் அச்சு அசலாக ஒரே சரக்கு! கேட்டால் நெசவு, மென்மை, நேர்த்தி என்று காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. "இடம் காரணமாக இருக்குமோ?" என்று கேட்டபோது, இந்த ஆளுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்பது போலப் பார்த்தார்களாம்.

அண்ணன் இந்தக் கட்டுரையைப் படித்தவரில்லை. ஆனால் சேலை காட்டும்போது, விற்க நினைப்பதைக் கடைசி நாலைந்தில்தான் பிரிப்பார். "மொதல்ல காட்டினா எதையுமே எடுக்க மாட்டாங்கம்மா, இன்னும் பாக்கணும்னு தோணிட்டே இருக்கும்" என்பார். வாங்கிக்கொண்டு போகும் அம்மா வாசலில் மகளிடம் "பார்டர் எடுப்பா இருந்துச்சு, அதான்" என்று சொல்வது கல்லாவரைக்கும் கேட்கும். பார்டர் எடுப்பாகத்தான் இருந்தது. முதலில் காட்டிய மூன்றிலும்தான் இருந்தது.

"எல்லாரும் வாங்கறாங்கன்னா நல்லதாத்தானே இருக்கும்? அதுல என்ன தப்பு?"

பெரும்பாலும் தப்பில்லை. பெங்களூர் ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும் சாப்பாட்டுக் கடையில் சாப்பாடு சுமாராகவாவது இருக்கும். தெரியாத இடத்தில் நாலு பேர் செய்வதைப் பார்த்துச் செய்வது நேரத்தையும் வயிற்றையும் காப்பாற்றும்.

அந்த நாலு பேரும் தாங்களாகப் பார்த்து முடிவெடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்து, மூன்றாமவர் அந்த இருவரைப் பார்த்து வந்திருந்தால், அங்கே இருப்பது ஒரே ஒரு ஆளின் கருத்துதான். 2012இல் பெருந்துறைப் பக்கமிருந்து வெடித்த ஈமுக்கோழி மோசடியை நினைத்துப் பாருங்கள். பணம் கட்டி ஈமு வளர்க்க முதலில் சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் பணம் வந்தது. அதைப் பார்த்துப் பங்காளி சேர்ந்தார், பங்காளியைப் பார்த்துச் சம்பந்தி சேர்ந்தார். அந்தக் கறியை யார் வாங்கப் போகிறார்கள் என்று விசாரித்தவர் குறைவு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்ததே போதுமான சாட்சியாக இருந்தது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் மோசடி ஏதுமில்லை. ஆனாலும் எல்லோரும் செய்வதாலேயே கெட்டுப்போகும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை ஏறும்போது எல்லா வரப்பிலும் தக்காளி நாற்றுதான். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காய்ப்பு வரும், விலை சரியும், பறிப்புக் கூலிக்கே கட்டுபடியாகாமல் செடியிலேயே விட்டுவிடுவார்கள். "போன வருஷம் அவன் நல்லா எடுத்தான்" என்பது போன வருஷத்துச் செய்தி. இதைச் சொன்னால் என் மாமா, "எல்லாரும் விட்டுட்டுப் போறப்போ நான் மட்டும் நட்டாத்தான் லாபம்னு எனக்கும் தெரியும். ஆனா அப்ப மனசு வர்றதில்லையே" என்பார். எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை.

"கண்ணால பாக்கறதையே கூட்டத்துக்காக மாத்திச் சொல்வாங்களா? நம்ப முடியலயே."

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனை இது. ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள். எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்றுகளில் அவர்கள் ஒரே குரலில் தப்பாகச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் மாட்டிக்கொண்டவர்கள் சொன்ன பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டத்தோடு போயிற்று. நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது பணிந்தார்கள்.

இதைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, நாலில் ஒருவர் கடைசிவரை அசையவே இல்லை. மொத்தப் பதில்களிலும் சரியானவைதான் அதிகம். இரண்டு, கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், பணிவது மடமடவென்று குறைந்தது. வாய்விட்டுச் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னபோதும் குறைந்தது. அப்படியானால் பணிந்தவர்களில் பலருக்குக் கண் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது, வாய்தான் வரவில்லை. இதை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் வேண்டியிருக்கும்.

"மாட்டுச் சந்தைல துண்டுக்குள்ள கையவிட்டு வெல பேசறாங்களே, ஏமாத்தறதுக்குத்தானே?"

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு முதன்முதலாக வந்த ஒரு மாணவி கேட்டாள். எனக்கு அந்தத் துண்டின்மேல் தனி மரியாதை உண்டு.

ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் எழுதிய ஒரு சோதனை. எண்கள் உள்ள சக்கரத்தைச் சுழற்றுவார்கள். அது 10இலோ 65இலோ நிற்கும்படி முன்பே ஏற்பாடு. பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்பார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடு மதிப்பு 25. 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உளவியல் நூல்கள் இதற்கு நங்கூரம் என்று பெயர் வைத்திருக்கின்றன. நமக்கேது கடல்? நான் வகுப்பில் முளைக்குச்சி என்றே சொல்வேன். முளையில் கட்டிய மாடு தன் இஷ்டத்துக்குத்தான் மேய்கிறது, ஆனால் கயிறு விடுகிற வட்டத்துக்குள்.

இப்போது துண்டுக்கு வருவோம். விரலைப் பிடித்துச் சொல்லும் விலை பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் மட்டும்தான் தெரியும். சுற்றி நிற்கும் பத்துப் பேர் காதில் அது விழுவதில்லை. அவர்கள் அடுத்த மாட்டைப் பார்க்கும்போது இந்த முளை அவர்கள் தலையில் அடிக்கப்பட்டிருக்காது. "அவனே அவ்வளவுக்குக் கேட்டிருக்கான்" என்ற, மூன்றாம் கேள்வியில் சொன்ன தொற்றும் இல்லை. யாரும் பேரத்தில் தோற்றுப் போனதாக ஊரறியத் தெரியாது, ஆகையால் வீம்புக்கு ஏற்றிக் கேட்பதும் குறைவு. அந்த இரண்டு கைகளுக்குள்ளே மட்டும் முளை அடிபடத்தான் செய்யும். முதலில் விரல் பிடிப்பவர் எங்கே தொடங்குகிறாரோ அதைச் சுற்றித்தான் பேரம். அதனால்தான் பழுத்த தரகர் எதிராளி தொடங்கட்டும் என்று காத்திருக்கமாட்டார். புதிதாக வாங்கப் போகிறவர்கள் எத்தனை ரூபாய்க்குமேல் போவதில்லை என்பதை வீட்டிலேயே காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

"499, 999னு போட்டா யாருங்க ஏமாறுவா இந்தக் காலத்துல?"

'பாட்டா விலை' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம், சிரித்துக்கொண்டே வாங்குகிறோம். இடதுபுற எண்ணை மனசு முதலில் பிடித்துக்கொள்கிறது. 4இல் தொடங்கும் விலை 5இல் தொடங்குவதைவிட ஒரு படி கீழே போலத் தோன்றும். முளைக்குச்சியின் தம்பி இது. அண்ணன் கடையில் 500 என்று எழுதிய நைட்டி தேங்கியது, 495 என்று எழுதியது போயிற்று. அவர் கணக்கு அது, ஆராய்ச்சி இல்லை.

"மொய்யை எதுக்கு மைக்ல சொல்றாங்க? கூச்சமா இருக்கு."

கூச்சம் வரட்டும் என்பதும் ஒரு காரணம்தான். முதல் நாலு பேர் ஆயிரத்தொன்று என்று மைக்கில் கேட்டபிறகு, இருநூற்றொன்று வைக்க எடுத்த கை பர்சுக்குள் திரும்பப் போகிறது. முளை, கூட்டம் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இடம் அது.

மொய்யின் அடிவேர் வேறு: வாங்கினால் திருப்பித் தரவேண்டும். 1971இல் டென்னிஸ் ரீகன் செய்த சோதனையில், கேட்காமலே ஒரு கோக் வாங்கித் தந்தவரிடம் மாணவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். கோக்கின் விலையைவிட ஒரு சீட்டின் விலை அதிகம். தந்தவரைப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதற்கும் வாங்கிய சீட்டுக்கும் பெரிய தொடர்பில்லை. கடன்பட்ட உணர்ச்சியே போதுமானதாக இருந்தது.

என்னைக் கேட்டால் மொய் நேர்மையானது. நோட்டுப் போட்டு எழுதிவைக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்று இரண்டு பக்கமும் தெரியும். எழுதப்படாத மொய்யில்தான் விழிப்பு வேண்டும். நிலம் காட்ட வந்தவர் காரில் கூட்டிப்போய், இளநீர் வெட்டித் தந்து, பிள்ளைக்கு மாம்பழப் பெட்டி வாங்கித் தருவார். மூன்று மணி நேரம் கழித்து "வேண்டாம்" என்ற சொல் தொண்டையில் நிற்கும்.

"எங்க ஊர்த் தண்ணிதான் ருசி. குழாய்த் தண்ணி சப்புனு இருக்கு. இது உண்மைதானே?"

உங்கள் நாக்குக்கு உண்மை. எதை அடிக்கடி சந்திக்கிறோமோ அதன்மேல் பிரியம் வருகிறது என்பதை 1968இல் ராபர்ட் சயான்ஸ் காட்டினார். அர்த்தமே தெரியாத சொற்களையும் சீன எழுத்து போன்ற வடிவங்களையும் காட்டினார். அதிக தடவை பார்த்தவற்றுக்கு நல்ல அர்த்தம்தான் இருக்கும் என்றார்கள் மக்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்புகளோடு வளர்ந்தவருக்கு அதுதான் தண்ணீர்; மற்றதெல்லாம் சப்பென்றுதான் இருக்கும்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இரண்டிலும் இது வெறும் ருசி விவகாரம் இல்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழி இல்லாதபோது 1.5 வரை. அதைத் தாண்டினாலும் நாக்கு காட்டிக்கொடுப்பதில்லை. பல்லில் பழுப்புக் கறை வரும், முற்றினால் எலும்பு இறுகும். காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். என் பள்ளித் தோழி ஒருத்தி வெளியூருக்குக் கல்யாணமாகிப் போனபிறகுதான் தன் பல்லில் கறை இருப்பதே தெரிந்ததாகச் சொன்னாள். வகுப்பில் எல்லோர் பல்லும் அப்படியே இருந்தது, பார்க்க என்ன இருக்கிறது? எங்கும் இருப்பது கண்ணில் படாது. பழகினால் பிடிக்கும் என்பதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"ஓசூர் போய் ரெண்டு மாசத்துல எங்க தம்பி பேச்சே மாறிடுச்சு. சீன் போடறானா?"

பாவம், விடுங்கள். எதிரில் இருப்பவரின் உடலசைவை நாம் அறியாமலே காப்பியடிக்கிறோம் என்று தான்யா சார்ட்ராண்டும் ஜான் பார்கும் 1999இல் எழுதினார்கள்: கூட இருந்தவர் காலாட்டினால் இவரும் ஆட்டினார், முகத்தைத் தடவினால் இவரும் தடவினார். கேட்டால் கவனிக்கவே இல்லை என்றார்கள். பேச்சின் ராகமும் அப்படியே ஒட்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கிற ஊரில் ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஊருக்கு வந்து நாலு நாள் களி தின்றால் பழைய பேச்சு வந்துவிடும்.

"பையன் வீட்ல தடதடன்னு ஒப்பிக்கிறான். மேடையேறினா நின்னுடறான். பயந்தாங்கொள்ளியா?"

பார்ப்பவர்கள் இருந்தால் கைவந்த வேலை இன்னும் நன்றாக வரும். கைவராத வேலை இன்னும் கெடும். தனியாக ஓட்டுவதைவிடச் சேர்ந்து ஓட்டும்போது சைக்கிள் வேகம் கூடுகிறது என்று நார்மன் டிரிப்ளெட் 1898லேயே எழுதினார். ஏன் சிலருக்குக் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது என்ற முடிச்சை 1965இல் அவிழ்த்தவர் தண்ணீர்க் கேள்வியில் வந்த அதே சயான்ஸ். பிறகு அவர் கரப்பான்பூச்சிகளை வைத்தும் சோதித்தார்: மற்றக் கரப்பான்கள் பார்க்க, நேர்வழியில் ஓடுவது வேகமாயிற்று, திருப்பம் உள்ள வழியில் தாமதமாயிற்று. ஆகவே இது வீரம், கோழைத்தனம் சம்பந்தப்பட்டதில்லை.

நம்மூர் எருது விடும் விழாவில் கூட்டம் கத்தக் கத்தப் பழகிய காளை பறக்கும், புதுக்காளை மிரண்டு பாதையை விட்டு ஓடும். பையனுக்கு இன்னும் பத்து தடவை ஒப்பிக்கக் கொடுங்கள், அதுவும் பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால்.

"தொப்பூர்ல வண்டி கவுந்தா செல்போன்ல படம் எடுக்கறாங்க, ஒருத்தனும் தூக்க மாட்டேங்கறான். மனுஷத்தன்மையே போயிடுச்சா?"

1968இல் பிப் லடானே, ஜான் டார்லி இருவரும் ஓர் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக உட்கார்ந்திருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் சேர்ந்து இருந்த குழுக்களில் 38 சதவீதத்தில்தான் ஒருவராவது எழுந்தார். இரண்டு பேர் கண்டுகொள்ளாதது போல் நடித்தபோது 10 சதவீதம். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்தவரும் அதே குழப்பத்தில் சும்மா நிற்க, "அப்போ பெருசா ஒண்ணுமில்ல போல" என்றாகிவிடுகிறது. போதாததற்கு, இத்தனை பேர் இருக்க நான்தானா என்ற எண்ணம் வேறு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்காவில் தெருச் சண்டைகள் பதிவான 219 கண்காணிப்புக் கேமரா காட்சிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கே வந்து உதவியிருந்தார். கூட்டம் கூடினால் யாரோ ஒருவர் வரும் வாய்ப்பும் கூடுகிறது. தொப்பூரிலும் தூக்குபவர்கள் இருக்கிறார்கள், படம் எடுப்பவர்கள் நம் கண்ணை உறுத்துகிறார்கள்.

நீங்கள் அங்கே இருந்தால் "யாராவது 108க்குப் போன் போடுங்க" என்று பொதுவாகக் கத்தாதீர்கள். "நீலச்சட்டை அண்ணா, நீங்க போடுங்க" என்று ஆளைச் சுட்டுங்கள். போலீஸ் கேஸ் என்று இழுப்பார்களோ என்ற பயம் இனி வேண்டாம்: உதவியவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலு தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள்.

"சினிமா நடுவுல கண்ணுக்குத் தெரியாம விளம்பரம் ஓட்டி மனச மாத்துவாங்களாமே?"

1957இல் ஜேம்ஸ் விகாரி என்ற அமெரிக்க விளம்பரக்காரர் கிளப்பிய கதை. திரையில் நொடிக்கும் குறைவாக "பாப்கார்ன் தின்னுங்கள்" என்று காட்டி விற்பனையை ஏற்றியதாகச் சொன்னார். பிறகு 1962இல், அது வியாபாரத்துக்காகச் செய்த தந்திரம் என்று அவரே ஒப்புக்கொண்டார். கதை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடி ஏன் அலைய வேண்டும்? நம்மைச் சாய்ப்பவற்றில் பெரும்பாலானவை பட்டப்பகலில் கண்ணெதிரே இருக்கின்றன.

"அப்போ இந்த உளவியல் ஆராய்ச்சிலயும் பொய் இருக்குமா?"

இருக்கிறது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 36 சதவீதத்தில்தான் உறுதியான முடிவு மறுபடி கிடைத்தது. முதுமை பற்றிய சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் வந்த புகழ்பெற்ற ஆய்வை 2012இல் வேறொரு குழு செய்து பார்த்தபோது அது வரவில்லை. (அதன் ஆசிரியர்களில் ஒருவர் ஓசூர்த் தம்பி பதிலில் வந்த ஜான் பார்க்தான்.) தட்டு, கிண்ணத்தின் அளவு பற்றிப் பேர்பெற்ற பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன, 2018இல் அவர் பல்கலைக்கழகமே முறைகேடு என்று சொல்லிவிட்டது. நானே பல வருடம் அவற்றை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், என்ன செய்ய.

ஆஷின் கோட்டுச் சோதனை 17 நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை செய்யப்பட்டிருக்கிறது. முளைக்குச்சியும் மறுசோதனைகளில் நின்றது. ஒரு சொல்லைப் பார்த்தால் போதும், வாழ்க்கையே மாறும் என்கிற வகைக் கதைகள்தான் அதிகம் உதிர்ந்தன.

"சின்ன வயசுல கல்யாணம் தப்புன்னு தனியாக் கேட்டா எல்லாரும் சொல்றாங்க. ஆனா நடந்துட்டே இருக்கே, எப்படி?"

அஞ்செட்டிப் பக்கம் வேலை பார்த்த ஒரு பழைய மாணவி கேட்டது. தனியாக ஒவ்வொருவரும் வேண்டாம் என்கிறார்கள்; ஆனால் 'ஊரில் மற்ற எல்லோரும் சரி என்று நினைக்கிறார்கள், நான்தான் வேறு மாதிரி' என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். அதனால் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காததைப் பார்த்து அடுத்தவருடைய நம்பிக்கை உறுதிப்படுகிறது. புகை அறையில் நடந்த அதே கூத்து, இங்கே வருடக்கணக்கில் நடக்கிறது. வறுமை, பாதுகாப்புப் பயம், பள்ளி தூரம் எல்லாம் இருக்கின்றன; அவற்றை உளவியல் கரைத்துவிடாது.

விழிப்புணர்வுப் பலகை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள பூங்காவில் ராபர்ட் சியால்டினியின் குழு இரண்டு பலகைகளைச் சோதித்தது. "பலர் எடுத்துப் போய்விட்டதால் காடே மாறுகிறது" என்று எழுதியபோது ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் களவுபோயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதியபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. "நம் மாவட்டத்தில் இத்தனை குழந்தைத் திருமணங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டால், படிப்பவர் காதில் "எல்லோரும் செய்கிறார்கள்" என்றும் விழும். இந்தத் தெருவில் எத்தனை வீட்டுப் பெண்கள் பன்னிரண்டாவது முடித்தார்கள் என்று போடுங்கள். நடக்கப்போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

"இவ்வளவும் தெரிஞ்ச நீங்க ஏமாற மாட்டீங்கதானே டீச்சர்?"

ஃபிரிட்ஜ் வாங்கப் போனேன். பட்ஜெட் இருபதாயிரம். கடைப் பையன் முதலில் 48,000க்கு ஒன்றைக் காட்டினான். பிறகு 31,000க்கு ஒன்று. எவ்வளவு மலிவாகத் தெரிந்தது தெரியுமா! நடுவில் பாதாம்பால் வேறு. வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். கரண்ட் மிச்சமாகும், பிள்ளைகள் வந்தால் இடம் வேண்டும், பழுது வராது என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் ஆட்டோவில் வரும்போது யோசித்தவை. மறுநாள் வகுப்பில் நங்கூரம் நடத்தினேன்.

எமிலி ப்ரோனினும் கூட்டாளிகளும் 2002இல் காட்டியது இதைத்தான்: இந்த வகைச் சாய்வுகளை விளக்கிச் சொன்னபிறகும், சராசரி மனிதரைவிட எனக்குக் குறைவு என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

"எங்க குழுவுல கூட்டத்துல எல்லாரும் சரி சரின்னு தலையாட்டறாங்க. வெளிய போய் எனக்கு இஷ்டமே இல்லன்றாங்க. என்ன பண்றது?"

பர்கூர்ப் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர் ஒருவர் கேட்டது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின; கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான். சொத்து அடமானம் இல்லாமல் கடன் திரும்ப வருவதற்குக் காரணமே பக்கத்து வீட்டு அக்காவின் கண். அதே கண்தான் கூட்டத்தில் வாயையும் அடைக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் களைவது கஷ்டம்.

ஆஷ் பதிலைத் திரும்பப் பாருங்கள். ஊக்குநர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். எதிர்த்துப் பேச ஒரு உறுப்பினரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ஒரு குரல் வந்தால் அடுத்தது தானாக வரும். எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் சந்தைத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்: வாய் மூடிய பானை, கையில் ஒரு அவரைக்கொட்டை, ஒரு புளியங்கொட்டை. வேண்டுமென்றால் அவரை, வேண்டாமென்றால் புளி. மிச்சத்தை இன்னொரு பானையில் போட்டுவிட வேண்டும்.

மாவு மில் வாங்கக் கடன் எடுப்பது பற்றி அவர்கள் குழுவில் ஏற்கெனவே எல்லோரும் சரி என்றிருந்தார்கள். சும்மா சோதிக்கலாம் என்று பானை வைத்தார்கள். 14 பேரில் 5 அவரை, 9 புளி. போனில் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மில்லு வேணும்னு மொதல்ல பேசினதே நான்தான் டீச்சர். எல்லாரும் ஆசப்படறாங்களேன்னு பேசினேன். அந்த ஒம்போதுல ஒண்ணு என்னுது."